நிபுணர் கருத்தைக் கட்டுரையில் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ்களின் நடுப்பக்கத்துக்கும் இணைய இதழ்களுக்கும் புதிதாக எழுதுவோரின் கட்டுரைகளைச் செம்மை செய்து தருவது என் வேலை. ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பல, மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிக் காட்கில் குழு, கஸ்தூரிரங்கன் குழு ஆகிய இரண்டு அரசுக் குழுக்கள் அளித்த அறிக்கைகளிலிருந்து வருகின்றன. என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவையும் அடிக்கடி பிழையாகக் காட்டப்படுபவையும் அவைதாம்.

நான் எழுதுவது என் கருத்து. அதில் இன்னொருவரின் கருத்து எதற்கு?

உங்களோடு ஏற்கெனவே உடன்படுபவருக்கு அது தேவையில்லை. உடன்படாத வாசகர் கட்டுரையின் ஏதோ ஓரிடத்தில் நின்று, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். நீங்களே கண்டது என்றால் கண்டதைச் சொல்லலாம். கணக்கிட்டு அறியக்கூடியது என்றால் கணக்கைக் காட்டலாம். ஒரு மலைச்சரிவின் மண் எவ்வளவு நீரைத் தாங்கும், ஒரு பூச்சிக்கொல்லி உடலில் எத்தனை காலம் தங்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு இவ்விரண்டும் கைகொடுப்பதில்லை. அங்கே, அதையே வேலையாகக் கொண்டவரின் சொல் வேண்டியிருக்கிறது. நம் அளவை நூல்கள், அதாவது தருக்க நூல்கள், நேரில் காணும் காட்சி, ஊகித்து அறியும் கருதல் ஆகியவற்றோடு, நம்பத்தக்கவரின் சொல்லாகிய உரையையும் அறியும் வழிகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன.

ஆனால் அந்தச் சொல்லை வாசகர் ஏன் ஏற்க வேண்டும் என்பதும் கட்டுரையில் இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 45-ஆம் பிரிவில் நிபுணர் கருத்துக்கு இடம் தந்தது. அந்தக் கருத்து எந்தக் காரணங்களின்மேல் நிற்கிறதோ அவையும் பொருத்தமுடையவை என்று 51-ஆம் பிரிவில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. கையெழுத்து நிபுணர் ஒன்றைச் சொன்னார் என்பதாலேயே நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவராகிவிடுவதில்லை. எந்த எழுத்தின் எந்த வளைவைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று பார்க்கிறார். உங்கள் வாசகரும் அந்த இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறார். வாதத்தைத் தாங்குவது நிபுணரின் பெயரைவிட அவர் காட்டும் காரணமே.

யாரை நிபுணர் என்று சொல்லலாம்? முனைவர் பட்டம் இருந்தால் போதுமா?

பட்டம் ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே. நீங்கள் எழுதும் அந்தக் குறிப்பிட்ட கேள்வியை அவர் நேரடியாக ஆராய்ந்திருக்கிறாரா, அந்த ஆய்வைத் துறையின் மற்றவர்கள் படித்துச் சோதித்திருக்கிறார்களா, அண்மைக் காலம் வரை அத்துறையில் இயங்கிவருகிறாரா என்று பாருங்கள். இதயநோய் மருத்துவர் சிறுநீரகம் பற்றிச் சொல்வதைக்கூட நாம் சற்றுத் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லைனஸ் பாலிங் 1954-இல் வேதியியலுக்கும் 1962-இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர். வேதிப் பிணைப்பு பற்றி அவர் சொன்னதற்கு ஈடு காண்பது கடினம். அவரே 1970-இல், வைட்டமின் சி-யை அதிக அளவில் உட்கொண்டால் சளி வராமல் தடுக்கலாம் என்று நூல் எழுதினார். பின்னர் நடந்த பல சோதனைகளில், அதைத் தினமும் உட்கொள்வது பொதுமக்களிடையே சளி வருவதைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சளி நீடிக்கும் காலம் சற்றுக் குறைந்தது. "இரண்டு நோபல் பெற்ற அறிஞர் கூறுகிறார்" என்று இன்றும் தொடங்கும் கட்டுரைகள், ஒரு துறையில் ஈட்டிய மதிப்பை இன்னொரு துறையில் செலவழிக்கின்றன.

பட்டமே இல்லாதவரை நிபுணராகக் காட்டினால் வாசகர்கள் ஏற்பார்களா?

அவர் என்ன செய்து காட்டியிருக்கிறார் என்பதை எழுதினால் ஏற்பார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்கப் புளோரிடா பல்கலைக்கழகமும் அந்த மாநிலக் காட்டுயிர்த் துறையும் செய்த முயற்சி அது. முதல் இரண்டு வாரத்துக்குள்ளாகவே அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்பின் தடத்தையும் வளையையும் படிப்பதில் இவர்களை மேற்கோள் காட்டுவதற்கு எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

ஆனால் முந்தைய பதிலில் பாலிங்குக்குச் சொன்ன எல்லை இங்கும் உண்டு. பாம்பைக் கண்டுபிடிப்பதில் நிபுணரானவரை, நஞ்சுமுறி மருந்தின் அளவு பற்றிய கேள்விக்குச் சான்றாக்கக் கூடாது. மீனவர், விதை காக்கும் உழவர், கொத்தனார் என எவரை அழைத்தாலும், "இத்தனை ஆண்டு அனுபவசாலி" என்ற பொதுச்சொல்லோடு நிறுத்தாமல், எதைப் பார்த்து எதை அறிகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

"நிபுணர்கள் கூறுகின்றனர்" என்று எழுதினால் போதாதா? எல்லா நாளிதழிலும் அப்படித்தானே வருகிறது?

போதாது. தொல்காப்பியம் "என்மனார் புலவர்" என்று பெயர் சொல்லாமல் முன்னோரைச் சுட்டியது உண்மைதான். அந்தப் புலவர் மரபுக்குள் இருந்தே கற்றவர்களுக்கு எழுதப்பட்ட நூல் அது. உங்கள் வாசகருக்கு அந்த நிபுணர்கள் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் நீங்கள் தரவில்லை.

அண்மையில் ஒரு கட்டுரையில் இருந்த வாக்கியம் இது: "மேற்குத் தொடர்ச்சி மலை பேராபத்தில் இருப்பதாக உலகப் புகழ்பெற்ற நிபுணர்கள் எச்சரிக்கின்றனர்." நாங்கள் இருவருமாக அதை மாற்றியபின் இப்படி ஆனது: "மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010-இல் அமைத்த, சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு, 2011 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், மிகுந்த கட்டுப்பாடு வேண்டியதென வகுத்த முதல் மண்டலத்தில் புதிய சுரங்கங்களுக்கு உரிமம் தரக் கூடாது என்றும், இயங்கிவரும் சுரங்கங்களை 2016-க்குள் படிப்படியாக மூட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது." யார், எந்தப் பொறுப்பில், எப்போது, எந்த ஆவணத்தில், என்ன சொன்னார்கள் என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. "உலகப் புகழ்பெற்ற" என்ற அடைமொழி போனதில் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டாவது வாக்கியத்தை மறுக்க விரும்புபவர் அறிக்கையைத் திறந்து பார்த்தாக வேண்டும். முதலாவதை மறுக்கத் தோளைக் குலுக்கினாலே போதும்.

மேற்கோளை அப்படியே போடுவதா, என் சொற்களில் எழுதுவதா?

பெரும்பாலும் உங்கள் சொற்களில், "என்று அவர் விளக்குகிறார்" என்ற முடிப்போடு எழுதுங்கள். அவர் பயன்படுத்திய சொல்லே முக்கியமாகும்போதும், சொன்ன விதத்தை வேறு எவராலும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது என்னும்போதும் மேற்கோள் குறி போடலாம். நம்மிடம் வரும் அறிக்கைகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், மேற்கோள் குறிக்குள் இருப்பது உங்கள் மொழிபெயர்ப்பு என்றால் அதை ஒருமுறை சொல்லிவிடுவது நேர்மை. சுருக்கியதையும் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியதையும் மேற்கோள் குறிக்குள் வைக்கவே கூடாது.

ஒரு கட்டுரைக்கு எத்தனை நிபுணர்கள் தேவை?

எண்ணிக்கை விதி எதுவும் இல்லை. வாசகர் நம்பத் தயங்கும் இடங்கள் எத்தனையோ அத்தனை இடங்களில் சான்று வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் குரலே போதும். ஆயிரம் சொல் கட்டுரையில் ஏழெட்டுப் பெயர்கள் வந்தால் எழுதியவர் காணாமல் போகிறார்.

ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட பூச்சிக்கொல்லிகள் பற்றிய மௌன வசந்தம் நூலை இதற்காகவே படித்துப் பார்க்கச் சொல்வேன். ஆதாரப் பட்டியல் மட்டுமே ஐம்பது பக்கங்களைத் தாண்டுகிறது. அதை நூலின் இறுதிக்கு நகர்த்திவிட்டு, உரைநடையில் தேவையான இடங்களில் மட்டும் அறிவியலாளர்களை முன்னே கொண்டுவந்தார். அச்சுக்குப் போவதற்கு முன் பகுதிகளை அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார். வேதித் தொழில் நிறுவனங்கள் கடுமையாகத் தாக்கியபோதும் நூல் நின்றதற்கு இந்த உழைப்பு ஒரு பெரிய காரணம். 1963-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் அறிக்கையும் அவருடைய கவலைகளுக்குப் பெருமளவு வலு சேர்த்தது.

பேராசிரியர்களிடம் நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எப்படி அணுகுவது?

தயங்க வேண்டாம், தன் துறையைப் பற்றி அக்கறையோடு கேட்பவருக்கு நேரம் தருபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். முதலில் அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிடுங்கள். மின்னஞ்சலில் நீங்கள் யார், எதற்காக எழுதுகிறீர்கள், எப்போதைக்குள் பதில் தேவை என்பதை நான்கைந்து வரிகளில் சொல்லி, இரண்டோ மூன்றோ கேள்விகளை மட்டும் வையுங்கள். "காலநிலை மாற்றம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது. "உங்கள் ஆய்வில் கிணறுகளின் நீர்மட்டம் குறைந்ததற்கு மழைக்குறைவைவிட ஆழ்துளைக் கிணறுகளே காரணம் என்று எதை வைத்துப் பிரித்தறிந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் உற்சாகமாகிவிடுவார்.

பேச்சின் முடிவில் இரண்டு கேள்விகளை மறவாமல் கேளுங்கள்: "இந்த முடிவு தவறாக இருக்க வாய்ப்புண்டு என்றால் எந்த இடத்தில்?", "உங்களோடு உடன்படாத, நீங்கள் மதிக்கும் ஒருவர் யார்?" இவ்விரண்டுக்கும் கிடைக்கும் பதில்கள், மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கட்டுரைக்குப் பயன்படும். பதிவு செய்வதாக இருந்தால் முன்பே அனுமதி பெறுங்கள்; குறிப்பேட்டில் தேதியை எழுதுங்கள்.

அவர் "இருக்கக்கூடும்" என்கிறார். "இருக்கிறது" என்று எழுதினால் வாதம் இன்னும் வலுவாக இருக்குமே?

வலுவாகத் தோன்றும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அவர் இனிப் பொறுப்பல்லர்; நீங்கள்தான் பொறுப்பு. அவருடைய பெயரை வைத்துக்கொண்டு அவர் சொல்லாததைச் சொல்வது, பொய் மேற்கோளுக்கு அடுத்த படியில்தான் நிற்கிறது.

உறுதியைக் கூட்டுவது ஒரு பிழை என்றால், உறுதியையும் அளவையும் குழப்புவது அதைவிடப் பரவலான பிழை. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் தொகுதியில் சேர்த்தது. உடனே "பதப்படுத்திய இறைச்சி புகையிலை அளவுக்கு ஆபத்தானது" என்று எழுதியவர்கள் பலர். அந்த வகைப்பாடு, ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் உட்கொள்வது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டுவதாக அதே அறிவிப்பு கூறியது. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடுகிறது. இரண்டும் உறுதியாகத் தெரிந்தவையே, ஆயினும் ஒரே அளவானவை அல்ல.

இரண்டு பெரிய நிபுணர்கள் நேரெதிராகச் சொன்னால் யாரை நம்புவது?

முதலில், அவர்கள் உண்மையிலேயே ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். காட்கில் குழுவின் அறிக்கைக்கு எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, விண்வெளி அறிவியலாளர் கஸ்தூரிரங்கன் தலைமையில் இரண்டாவது குழு அமைக்கப்பட்டு 2013 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. "காட்கில் மலை முழுவதையும் காக்கச் சொன்னார், கஸ்தூரிரங்கன் 37 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்" என்ற ஒற்றை வரிதான் கட்டுரைகளில் வருகிறது. அதிலுள்ள எண்ணில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்து வாசகர் எதையும் தீர்மானிக்க முடியாது.

அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொரு படம் தெரிகிறது. மலைத்தொடரின் எல்லையையே இரு குழுக்களும் வேறுவேறாக எடுத்துக்கொண்டன: முதலாவதில் ஏறத்தாழ 1,29,000 சதுர கிலோமீட்டர், இரண்டாவதில் ஏறத்தாழ 1,64,000. காட்கில் குழு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து மதிப்பிட்டு, முழுப் பகுதியையும் மூன்று படிநிலை மண்டலங்களில் வைத்தது. மூன்றாம் மண்டலத்தில் கட்டுப்பாடுகள் தளர்வானவை. கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, ஊர்களும் தோட்டங்களும் வயல்களும் உள்ள பகுதியை ஒருபுறமும் இயற்கை நிலப்பரப்பை மறுபுறமும் பிரித்து, பின்னதில் உயிர்வளம் மிக்க ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல் ஆகியவற்றை முற்றாகத் தடுக்கச் சொன்னது. ஆக 100-ஐயும் 37-ஐயும் நேராக ஒப்பிட முடியாது. எதன் விழுக்காடு, எத்தகைய கட்டுப்பாடு என்பவை இரண்டிலும் வேறு.

இவ்வளவையும் கழித்தபின் எஞ்சும் வேறுபாடுதான் உண்மையான விவாதம். மனிதர் வாழும் நிலத்தையும் காப்புக்குள் கொண்டுவந்து, முடிவை ஊராட்சி மட்டத்திலிருந்து மேலே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது காட்கிலின் நிலை. மக்கள் நெருக்கமில்லாத இயற்கைப் பரப்பில் உறுதியான தடை என்பது மற்றது. இதில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அதை வெளிப்படையாக எழுதி, மற்ற நிலையின் வலுவான காரணத்தையும் அதை நீங்கள் ஏன் போதாது என்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். எனக்குக் காட்கில் குழுவின் நிலையே சரியெனப் படுகிறது, ஏனெனில் நீரோட்டமும் மண்சரிவும் தோட்டத்தின் வேலியில் நிற்பதில்லை. ஆயினும் கஸ்தூரிரங்கன் குழு கேட்ட கேள்வியை, அதாவது தலைமுறைகளாக அங்கே வாழ்பவர்களின் அச்சத்தை என்ன செய்வது என்பதை, தவிர்த்துவிட்டு எழுதப்படும் ஆதரவுக் கட்டுரை எவரையும் மாற்றாது.

என் வாதத்துக்கு எதிரான நிபுணரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டால் என்ன?

எதிர்த்தரப்பு வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயராகத்தான் இருக்கும். நீங்கள் அவரைச் சொல்லாவிட்டால், உங்களுக்குத் தெரியவில்லை என்றோ மறைக்கிறீர்கள் என்றோ எண்ணுவார்.

அந்த நிபுணருக்கு நிறுவனம் பணம் கொடுத்திருக்கிறது. அவர் சொன்னதை ஒதுக்கிவிடலாம் அல்லவா?

பணத் தொடர்பை வாசகருக்குச் சொல்ல வேண்டும், அது கடமை. ஆனால் அது மறுப்பாகிவிடாது. நவீனப் புள்ளியியலின் அடித்தளத்தை இட்டவர்களில் ஒருவரான ரொனால்டு ஃபிஷர், சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயும் சேர்ந்து காணப்படுவதற்கு இரண்டையும் தூண்டும் ஒரு மரபுக்கூறு காரணமாக இருக்கலாம் என்று 1950-களின் இறுதியில் வாதிட்டார். அவர் புகையிலை உற்பத்தியாளர் குழுவின் ஆலோசகராக இருந்தார், தாமும் புகைப்பவர்.

இவற்றைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றிருந்தால் அவருடைய வாதம் அப்படியே இருந்திருக்கும். 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வாதத்தையே எடுத்துக்கொண்டார்கள்: புகைப்பவருக்கு அபாயம் ஒன்பது மடங்கு என்றால், அதை முழுவதும் விளக்கும் மறைந்திருக்கும் கூறு (ஃபிஷர் சொன்ன மரபுக்கூறு போன்றது), புகைப்பவர்களிடையே குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும், அப்படியொன்றை எவரும் காட்டவில்லை. தொடர்பை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, காரணத்துக்குக் காரணத்தால் பதில் சொல்லும் இந்த வரிசையையே நீங்களும் பின்பற்றுங்கள். உங்கள் பக்க நிபுணருக்கும் இதே விதி பொருந்தும்.

எல்லோரும் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் மறுபக்கம். கலிலியோவும் தனியாள்தானே?

தனியாளாக இருந்து சரியென நிறுவப்பட்டவர்கள் உண்டு. வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஒரு பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டினார்கள். மார்ஷல் 1984-இல் அந்த பாக்டீரியாவைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 1994-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு அந்த பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தைப் பரிந்துரைத்தது; 2005-இல் இருவரும் நோபல் பெற்றார்கள். தனியாளாக இருந்து தவறிப்போனவர்களும் உண்டு. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-இல் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயத்தைக் கிளப்பினார். டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வு அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. 2010-இல் அவருடைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருத்துவப் பதிவிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது.

இந்த இரு வகையினரையும் பிரித்துக் காட்டியது, மற்றவர்கள் சோதித்தபோது கிடைத்த விடை. எனவே மாற்றுக்கருத்தை எழுதும்போது, அதைப் பிறர் சோதித்தார்களா, என்ன கண்டார்கள் என்பதையும் எழுதுங்கள். இன்னும் சோதிக்கப்படவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். பெரும்பான்மை எதை ஏற்கிறது என்பதை மறைத்து, இரு தரப்பையும் சம எடையில் நிறுத்துவது வாசகரைத் தவறாக வழிநடத்தும்.

வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு "காட்கில் அன்றே சொன்னார்" என்று எழுதினேன். அதில் என்ன தவறு?

பாதி சரி. 2024 ஜூலை 30 அன்று சரிவு ஏற்பட்ட முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் வைத்திரி தாலுகாவில் இருக்கின்றன. காட்கில் குழு அந்தத் தாலுகாவை மிகுந்த கட்டுப்பாடு வேண்டிய முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. இதை நீங்கள் உறுதியோடு எழுதலாம். ஆனால் அந்த இடத்தில், அந்தப் பரிமாணத்தில் சரிவு வரும் என்று அறிக்கை சொல்லவில்லை. பரிந்துரைகளை நிறைவேற்றியிருந்தால் அது நிகழ்ந்தே இருக்காது என்பதையும் அறிக்கையைக் கொண்டு நிறுவ முடியாது. அன்றைய மழைக்கும் சரிவின் செங்குத்துக்கும் அதில் பங்கு உண்டு.

"சரிவுக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தாலுகாவை முதல் மண்டலத்தில் வைத்துக் கட்டுப்பாடுகளைக் கேட்ட அறிக்கை நடைமுறைக்கு வரவில்லை" என்ற வாக்கியமே போதிய அளவு கனமானது. அதற்குமேல் ஏற்றினால், எதிர்ப்பவர் உங்கள் மிகையை மறுத்துவிட்டு உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன், அருமையான மேற்கோள் கிடைத்தது. போடலாமா?

மூல ஆவணத்தில் அந்த வரியை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை போடக் கூடாது. இருக்கும் நிபுணருக்கு இல்லாத வாக்கியத்தையும், இல்லாத ஆய்வுக்கு நம்பத்தக்க தலைப்பையும் இந்தச் செயலிகள் தருவதுண்டு. வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள்களுக்கும் இதே பதில்தான்.

கட்டுரை வெளியான பிறகு, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று நிபுணர் சொன்னால்?

குறிப்பேட்டையோ பதிவையோ எடுத்துப் பாருங்கள். நீங்கள் மாற்றியிருந்தால் திருத்தம் வெளியிடுங்கள். எந்த வாக்கியம், எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று தேதியோடு, கட்டுரையின் மேற்பகுதியிலேயே. அவர் சொன்னதுதான், ஆனால் இப்போது கருத்து மாறிவிட்டது என்றால், பழைய வாக்கியத்தை நீக்காமல் அவருடைய புதிய விளக்கத்தைக் கீழே சேருங்கள். சொன்னதைச் சரியாக எழுதியும், வெளியானபின் எழுந்த எதிர்ப்பால் அவர் பின்வாங்குகிறார் என்றால், குறிப்பை ஆசிரியரிடம் காட்டி அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

இந்தச் சிக்கலில் பெரும்பகுதியை முன்கூட்டியே தவிர்க்கலாம். முழுக் கட்டுரையையும் நிபுணருக்கு அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் உங்கள் வாதத்தையே திருத்தத் தொடங்குவார். அவர் பெயரில் வரும் பத்திகளை மட்டும் அனுப்பி, "இதில் உண்மைப் பிழை ஏதும் உண்டா?" என்று கேட்டு, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.